இரண்டு அம்பிகாபதிகள்

காதலித்து மாண்டவர்களின் கதை எந்தப் பாஷையில்தான் இல்லை? பாரசீகத்தார் லைலாவையும் மஜ்னுவையும் நினைத்து அழுகிறார்கள். ஆங்கிலேயர் ரோமியோவுக்கும் ஜூலியத்துக்கும் கண்ணீர் விடுகிறார்கள். பஞ்சாபியர் ஹீர்-ராஞ்சாவைப் பாடிப் பாடி உருகுகிறார்கள். தமிழர்களாகிய நமக்கும் இந்த விஷயத்தில் குறை ஒன்றுமில்லை. நமக்கு அம்பிகாபதியும் அமராவதியும் இருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். மற்றவர்களுடைய காதலர்களுக்குக் குலப்பகையோ விஷமோ யமனாக வந்தது. நம்முடைய காதலர்களுக்குக் கணக்கு யமனாக வந்தது. பாட்டுகளை எண்ணுவதில் ஒன்று பிசகியது. இரண்டு உயிர்கள் போயின.

இந்தக் கதை தமிழில் இரண்டு புகழ்பெற்ற பேசும் படங்களாக வந்திருக்கிறது. முதலாவது 1937-ம் வருஷத்தியது, எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்தது. இரண்டாவது 1957-ம் வருஷத்தியது. சிவாஜி கணேசன் நடித்தது. இருபது வருஷ இடைவெளியில் ஒரே பெயரோடு வந்த இவ்விரண்டில் எது உயர்ந்தது என்பது நம் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக முடிவு காணாத வழக்கு. சமீபத்தில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அந்த வழக்கில் புகுந்து வேறு ஒரு கேள்வியைக் கிளப்பிவிட்டார்கள். அதைப் பற்றிச் சொல்லவே இந்தக் கட்டுரை.

நேயர்களுக்குக் கதை தெரிந்ததுதான். ஆயினும் சிலவற்றை நினைவுபடுத்திக் கொள்வது நலம். கவிச்சக்கரவர்த்தி கம்பருடைய குமாரன் அம்பிகாபதி, சோழ மன்னன் மகள் அமராவதியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அரண்மனை விருந்தில் அமராவதி பரிமாற வருகிறாள். அவள் நடந்து வரும் அழகைக் கண்டு தன்னை மறந்த அம்பிகாபதி, சபை என்றும் பாராமல் ஒரு பாட்டைத் தொடங்கிவிடுகிறான். அரசன் முகம் சிவக்கிறது. கம்பர் சட்டென்று அந்தப் பாட்டைத் தாமே வாங்கி, அது வீதியில் கொட்டிக்கிழங்கு விற்றுப் போகும் ஒரு பெண்பிள்ளையைப் பற்றியது என்று பொருள்படும்படி முடித்து வைக்கிறார். அரசன் ஆள் அனுப்பிப் பார்க்கிறான். வீதியில் மெய்யாகவே ஒரு பெண் கொட்டிக்கிழங்கு கூவி விற்கிறாள். சரஸ்வதி தேவியே அவ்வாறு வந்தாள் என்பது கதை.

ஆனால் எத்தனை நாளைக்குத்தான் சரஸ்வதி தேவி கிழங்கு விற்றுக்கொண்டிருப்பாள்? காதல் வெளிப்படுகிறது. கம்பர் மன்றாடுகிறார். அரசன் ஒரு நிபந்தனை வைக்கிறான். அம்பிகாபதி சபையில் நூறு பாட்டுப் பாட வேண்டும். அவற்றில் தெய்வம் இருக்கலாம், நீதி இருக்கலாம். சிருங்காரத்தின் வாடைகூட இருக்கக் கூடாது. பாடி முடித்தால் பெண் கிடைக்கும். தவறினால் தலை போகும். அமராவதி மறைவிலிருந்து ஒவ்வொரு பாட்டாக எண்ணிக்கொண்டே இருக்கிறாள். முதலில் பாடிய காப்புச் செய்யுளையும் அவள் கணக்கில் சேர்த்துவிடுகிறாள். தொண்ணூற்றொன்பது முடிந்ததுமே நூறு முடிந்ததென்று மகிழ்ந்து வெளியே வருகிறாள். அவளைக் கண்ட அம்பிகாபதியின் வாயிலிருந்து நூறாவது பாட்டு காதற் பாட்டாக வந்துவிடுகிறது. பிறகு கொலைக்களந்தான்.

இதற்குக் கல்வெட்டுச் சான்று தேடுவது வீண் வேலை. இது கர்ணபரம்பரைக் கதை. காதற் பாட்டு ஒன்றைப் பாடியதற்காக உயிரை இழந்தவன் பெயரால் 'அம்பிகாபதிக் கோவை' என்று காதல் துறைகளையே பாடும் ஒரு பிரபந்தம் வழங்கி வருகிறது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். தமிழ் உலகம் அரசனுடைய தீர்ப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை.

இனிப் படங்களுக்கு வருவோம்.

1937-ம் வருஷம் டிசம்பர் மாதம் வெளியான முதல் 'அம்பிகாபதி'யை டைரக்ட் செய்தவர் எல்லிஸ் ஆர். டங்கன். அவர் அமெரிக்கர், ஓஹியோ மாகாணத்தில் பிறந்தவர், 1935-ம் வருஷம் இந்தியாவுக்கு வந்தவர். தமிழ் அறியாத ஒருவர் கம்பர் வீட்டுக் கதையைப் படமெடுத்தார் என்று கேட்டால் நம் புலவர்கள் நெற்றியைச் சுருக்குவார்கள். ஆனால் படத்தைப் பார்த்தால் சுருங்கிய நெற்றி விரியும். தமிழ் தெரியாத குறையை அவர் கண்ணால் ஈடு செய்திருக்கிறார். அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் பல, நாடக மேடைக்கு எதிரே காமிராவை நட்டுவிட்டு எடுத்தவை போல இருக்கும். டங்கனுடைய காமிரா பாத்திரங்களின் அருகே போகிறது; முகத்தைப் பார்க்கிறது; கண்கள் பேசுவதற்கு அவகாசம் கொடுக்கிறது.

1936-ம் வருஷத்தில்தான் ஹாலிவுட்டில் ஜார்ஜ் கியூக்கர் எடுத்த 'ரோமியோ அண்டு ஜூலியத்' வந்திருந்தது. டங்கன் அந்தக் காதல் காட்சிகளின் சாயலைத் தம் படத்துக்கு வேண்டினார். வசனம் எழுதிய இளங்கோவன், ஷேக்ஸ்பியரின் உப்பரிகைக் காட்சியைச் சோழ நாட்டு அரண்மனைக்குக் குடியேற்றினார். கடன் வாங்கியது என்று தோன்றாதபடி கடன் வாங்குவதும் ஒரு கலை. இலக்கியத் தமிழ் பேசும் படத்தில் எடுபடும் என்று ஜனங்களுக்குக் காட்டியவர்களில் இளங்கோவன் முக்கியமானவர். பின்னர் 1942-ம் வருஷத்துக் 'கண்ணகி'க்கும் அவரே வசனம் எழுதினார்.

பாபநாசம் சிவன் இயற்றிய பாட்டுகளைப் பாகவதர் பாடினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அமராவதியாக எம். ஆர். சந்தானலக்ஷ்மி, கம்பராகச் செருகளத்தூர் சாமா, பொறாமை கொண்ட தளபதியாக டி. எஸ். பாலையா. அதே 1937-ல் வந்த 'சிந்தாமணி'யும் பாகவதர் படந்தான். தமிழ்நாடு முழுவதும் அந்த வருஷம் பாகவதருடைய குரலைத் தவிர வேறு குரலைக் கேட்கவில்லை என்று சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இரண்டாவது 'அம்பிகாபதி' 1957-ம் வருஷம் தீபாவளிக்கு வந்தது. ஏ. எல். சீனிவாசன் தயாரித்து, ப. நீலகண்டன் டைரக்ட் செய்தார். சிவாஜி கணேசனுக்கு அந்த மாதந்தான் இருபத்தொன்பது வயது நிறைந்திருந்தது. அமராவதி பி. பானுமதி, கம்பர் எம். கே. ராதா; சங்கீதம் ஜி. ராமநாதன். கம்பர் வேஷத்துக்கு முதலில் பாகவதரையே அழைத்தார்கள் என்றும் அவர் இசையவில்லை என்றும் சொல்லப்படுகிறது. இசைந்திருந்தால், முந்தைய படத்தில் கொலைக்களம் சென்ற மகன், பிந்தைய படத்தில் மகனைக் காப்பாற்ற முடியாத தகப்பனாராக நின்றிருப்பார். அந்தக் காட்சி நமக்குக் கிட்டவில்லை. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் இரண்டு படங்களிலும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டாவது படம் வெளிவருவதற்கு முன்பே, 1957 ஆகஸ்டு 30-ம் தேதி, கலைவாணர் காலமாகிவிட்டார். தீபாவளிக்குக் கொட்டகைக்குப் போன ஜனங்கள், உயிரோடு இல்லாத மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்திருப்பார்கள்.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்களுக்கு முதலில் படுவது குரல் விஷயம். முதற் படத்தில் நடிப்பவரே பாடுகிறார். பாகவதர் பாடும்போது அம்பிகாபதியின் உயிரும் அவருடைய சாரீரமும் ஒன்றே. ஆகையால் போட்டிக் காட்சி நமக்கு ஒரு கச்சேரி போலவே இருக்கிறது. 'இவ்வளவு நன்றாகப் பாடுகிற ஒருவனுக்கு எப்படிக் கேடு வரும்?' என்று மனம் நம்ப மறுக்கிறது. இரண்டாவது படத்தின் காலத்தில் பின்னணிக் குரல் வழக்கமாகிவிட்டது. சிவாஜிக்காக டி. எம். சௌந்தரராஜன் பாடினார். பானுமதியோ தம் பாட்டைத் தாமே பாடினார். காதலன் இரவல் குரலில் பாட, காதலி சொந்தக் குரலில் பாடுகிறாள். இது சினிமாத் தொழிலின் ஏற்பாடுதான். உட்பொருள் எதுவும் உத்தேசித்துச் செய்ததல்ல. இருந்தாலும் பானுமதியின் அமராவதியிடம் ஒரு மிடுக்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. சந்தானலக்ஷ்மியின் அமராவதி காதலில் கரைகிறாள். பானுமதியின் அமராவதி காதலைத் தன் உரிமையாகக் கேட்கிறாள்.

இரண்டாவதாக, சபைக் காட்சி. பாகவதர் படத்தில் நாம் ஒரு கந்தர்வனுக்காக ஏங்குகிறோம். சிவாஜி படத்தில் ஒரு கைதிக்காகப் பதறுகிறோம். சிவாஜிக்கு முகமே ஒரு கச்சேரி. நாவை அடக்க மனம் படும் பாட்டை அவர் கண்ணிலும் தாடையிலும் காட்டுகிறார். அவர் எதிரே மௌனமாக உட்கார்ந்திருக்கும் எம். கே. ராதாவின் கம்பரைப் பார்த்தால், பெற்றவர்களுக்கு வயிறு கலங்கும். முதற் படம் காதலரின் கதை. இரண்டாவது படம், கூடவே, ஒரு தகப்பனாரின் கதையுமாகும்.

நம் பாட்டியார் சிறு பெண்ணாக இருந்தபோது பாகவதர் படத்தைப் பார்த்தவர். மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததாகச் சொல்வார். நம் தகப்பனார் சிவாஜி படத்தை டூரிங் கொட்டகையில், மணல் தரையில் உட்கார்ந்து பார்த்தவர். சாப்பாட்டு வேளையில் இருவரும் வாதாடுவதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். எந்தப் படம் உயர்ந்தது என்பதோடு அந்த வாதம் நிற்காது. அம்பிகாபதியைக் கொன்றது யார் என்பது வரை போகும். பாட்டியாருக்குச் சந்தேகமே கிடையாது: அது விதி. "காப்புப் பாட்டை ஒரு பாட்டா எண்ண வச்சதே அந்த விதிதாண்டா" என்பார். தகப்பனார் ஒப்பமாட்டார். "விதியாவது மண்ணாவது! ஒரு நிமிஷம் வாயை அடக்கியிருந்தால் பயல் பிழைத்திருப்பான்" என்பார். கேட்டுக்கொண்டிருக்கும் நம் மீது ஒரு பார்வையும் விழும். அந்த வயதில் நமக்கும் வாய் அதிகம். ஆகமொத்தம், பாட்டியார் கட்சியில் எண்ணிய பெண்ணுக்குக் கணக்குத் தப்பியது; தகப்பனார் கட்சியில் பாடிய பிள்ளைக்கு நாக்குத் தப்பியது.

சென்ற வருஷம் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோவைப் பிரபந்தத்தைப் பற்றிச் சொல்ல நேர்ந்தது. இந்தக் கடமலைக்குண்டில் மூல வைகைக்கு இரு கரையிலும் இருக்கும் தென்னந்தோப்புகளிலிருந்தும், வருஷநாட்டு மலையடிவாரத்து இலவந்தோப்புகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் அவர்கள். கட்டளைக் கலித்துறையின் இலக்கணத்தைச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அம்பிகாபதியைச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை மாலைகளில், பள்ளியில் இருக்கும் திரையில், இரண்டு படங்களையும் பகுதி பகுதியாகப் போட்டுக் காட்டினோம். பாகவதர் முதல் பாட்டைத் தொடங்கியதும் சிலர் சிரித்தார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு படமும் முடிந்த பின், பாட்டியார் கட்சியையும் தகப்பனார் கட்சியையும் எடுத்துச் சொல்லி, "நீங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டோம். வகுப்பு இரண்டாகப் பிரிந்து கூச்சலிட்டது. பின் வரிசையில், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, அந்தப் பொண்ணு சரியா எண்ணியிருந்தா மட்டும் ராசா கட்டிக் குடுத்திருப்பாராக்கும்?" என்றாள்.

வகுப்பு அடங்கிவிட்டது. நாமும் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

எண்பது வருஷங்களுக்கு மேலாகப் பட ரஸிகர்களும், அதற்கும் முன்னே பல தலைமுறையாகக் கதை கேட்டவர்களும், அந்த நூறாவது பாட்டின் மீதே கண்ணாயிருந்தோம். தொண்ணூற்றொன்பதுக்கும் நூறுக்கும் நடுவே காதலர்கள் விழுந்தார்கள் என்று அழுதோம். நூறு என்ற எல்லையைப் போட்டவன் யார் என்று நாம் கேட்பதில்லை. கணக்குப் பிழை என்பது அரசனுக்கு மிகவும் சௌகரியமான ஏற்பாடு. பிழை பெண்ணுடையதாகிவிடுகிறது, குற்றம் பிள்ளையுடையதாகிவிடுகிறது, அவனோ சொன்ன சொல் தவறாத மன்னனாகச் சிம்மாசனத்திலேயே இருந்துவிடுகிறான்!

நிபந்தனையைத்தான் பாருங்கள். தெய்வத்தைப் பாடு, காதலைப் பாடாதே என்கிறான். தமிழில் இவ்விரண்டையும் யாரால் பிரிக்க முடியும்? மாணிக்கவாசகர் திருக்கோவையாரில் நானூறு பாட்டுகளில் சிற்றம்பலவனைக் காதல் துறைகளிலேயே பாடினார். நம்மாழ்வார் தலைவியாகி ஏங்கினார். ஆண்டாளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சிருங்காரம் கலவாத பக்தியை மட்டும் நூறு பாட்டில் பாடு என்பது, ஈரம் படாமல் மூல வைகையில் வெள்ளத்தைக் கடந்து வா என்பது போலத்தான்.

அரசனுடைய கோபம் காதற் பாட்டின் மீதும் அல்ல. விருந்தில் பாடிய அந்தப் பாட்டை நினைத்துப் பாருங்கள். அது இளவரசியைப் பற்றியது என்றபோது கொலைக் குற்றம். கொட்டிக்கிழங்கு விற்பவளைப் பற்றியது என்றதும் சபையே தலையசைத்து ரஸித்தது! சொல் அதேதான், நடை அழகும் அதேதான். அரசன் தடுத்தது சிருங்காரத்தையல்ல, சம்பந்தத்தை. அதை வெளிப்படையாகச் சொல்ல வெட்கப்பட்டு, இலக்கியப் போட்டி என்று அதற்குப் பட்டுப் போர்த்தினான்.

இது பழங்கதையோடு போகும் விஷயமானால் நாம் இவ்வளவு நீட்டியிருக்கமாட்டோம். நம் ஊர்ப்பக்கத்தில் நடந்த ஒன்றை, இடத்தையும் உறவையும் சற்று மாற்றிச் சொல்கிறோம். நம்மிடம் படித்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் காலேஜுப் படிப்பு முடித்தபின் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். சாதி வேறு. பெண்ணின் தகப்பனார் நமக்கு நன்கு தெரிந்தவர். அரிவாள் தூக்குகிற மனிதர் அல்லர். பத்து வீட்டுக்குப் பஞ்சாயத்துப் பேசுகிற சாது. அவர் நம்மை அழைத்து, "வாத்தியாரய்யா, நானும் காலம் தெரிஞ்சவன்தான். பையன் ஒரு கவர்மெண்டு வேலையில ஒக்காரட்டும், அப்பறம் பேசிக்கிருவோம். நீங்களே அவங்கிட்டச் சொல்லீருங்க" என்றார். நாம் சொன்னோம். பையன் முகத்தில் அன்று கண்ட வெளிச்சத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

சர்க்கார் உத்தியோகத்துக்கான நான்காம் தொகுதிப் பரீட்சையில் தமிழுக்கு மட்டும் 100 கேள்விகள். 2022-ல் எழுதினான், தேறவில்லை. பகலில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இலக்கணம் படித்தான். 2024-ல் மறுபடியும் எழுதித் தேறினான். இனிப்புப் பொட்டலத்தோடு முதலில் நம்மிடந்தான் வந்தான். நாம் பெண்ணின் வீட்டுக்குப் போனோம். அங்கே கம்பம் பக்கத்து உறவில் வேறு இடம் நிச்சயமாகியிருந்தது. "அன்னைக்கு நீங்கள் சொன்னது?" என்று கேட்டோம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அது ஒரு பேச்சுக்குச் சொன்னதுய்யா. மூணு முயற்சி, நாலு முயற்சின்னு ஓடும், பிள்ளைக்கும் மனசு ஆறீரும்னு நெனச்சேன்" என்றார். "பெண்ணைக் கேட்டீர்களா?" என்றோம். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். ஒருவரும் குடிக்கவில்லை.

இதில் யாரும் சாகவில்லை. பையன் இன்று வடக்கே ஒரு ஜில்லாவில் குமாஸ்தாவாக இருக்கிறான். பெண் குழந்தையும் குட்டியுமாக இருக்கிறாள் என்று கேள்வி. சாவு நேர்ந்த இடங்கள் வேறு இருக்கின்றன. 2016-ம் வருஷம் மார்ச்சு மாதம் உடுமலைப்பேட்டைப் பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில், சாதி மாறி மணந்த குற்றத்துக்காக ஓர் இளைஞனை வெட்டிக் கொன்றார்கள். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்த இருவர் மணந்துகொள்வதற்குக் குடும்பத்தின் சம்மதமோ ஊராரின் சம்மதமோ தேவையில்லை என்று தெளிவாகத் தீர்ப்புச் சொல்லிற்று. சட்டம் எல்லையை எடுத்துவிட்டது. வீடுகள் இன்னும் நூறு பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

நம் மாணவிக்கு அந்தப் பையன் கதை தெரியாது. ஆனால் அவள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு 'அப்பறம் பேசிக்கிருவோம்' இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்படிக் கேட்டிருக்கமாட்டாள்.

ஷேக்ஸ்பியரும் இத்தகைய தற்செயலைத்தான் கையாண்டார். கொள்ளைநோய்ப் பயத்தால் பாதிரியாரின் கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடுகிறது. ஆனால் கடைசிக் காட்சியில் அவர் இரண்டு தகப்பனார்களையும் பிணங்களுக்கு முன்னே கொண்டுவந்து நிறுத்துகிறார். கடிதம் கொண்டுபோனவன் மீது பழியைப் போட்டு அவர்கள் தப்பிவிட முடியாது. நகரத்தின் அதிபதியே அவர்களுடைய பகையைச் சுட்டிக் கண்டிக்கிறான். நம் கதையில் அந்தக் காரியத்தைக் கம்பர் தம் கால்களால் செய்தார் என்று சொல்லலாம். மகனை இழந்த கம்பர் சோழ நாட்டை விட்டே வெளியேறினார் என்பது கர்ணபரம்பரை. சிவகங்கைச் சீமையில் நாட்டரசன்கோட்டையில் அவருடைய சமாதி என்று ஓர் இடத்தை இன்றும் போற்றி வருகிறார்கள். அரசனுக்கு அவர் சொன்ன மறுமொழி அந்த வழிநடைதான்.

இதற்கிடையே முடிவை மாற்றிவிடுகிற ஒரு நாகரிகமும் வந்திருக்கிறது. 2013-ம் வருஷம் ஆனந்த் எல். ராய் எடுத்த 'ராஞ்சனா' என்ற ஹிந்திப் படம், தனுஷ் நடித்தது, தமிழில் 'அம்பிகாபதி' என்ற பெயரோடு வந்தது. கதை காசியில் நடப்பது. சோழனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயரையும் காதலன் சாவையும் மட்டும் வாங்கிக்கொண்டது. 2025 ஆகஸ்டு மாதம் அந்தத் தமிழ்ப் படத்தை மறுபடி வெளியிட்டபோது, செயற்கை அறிவு யந்திரத்தைக் கொண்டு, மாண்ட காதலன் பிழைத்துக்கொள்வதாக முடிவை மாற்றிவிட்டார்கள். டைரக்டரும் நடிகரும் ஆட்சேபித்தார்கள். நாமும் அவர்கள் கட்சிதான். நாளைக்கே யாராவது பாகவதரையும் சிவாஜியையும் யந்திரத்துக்குள் போட்டு, காப்புச் செய்யுளைக் கழித்து அமராவதியைச் சரியாக எண்ண வைத்து, மணமேடையில் உட்கார்த்தி விடலாம். அப்போது நம் மாணவியின் கேள்வி மறைந்துபோகும். அரசன் நல்லவனாகிவிடுவான். அதுதான் அந்த மாற்றத்தில் உள்ள பெரிய பொய்.

எந்தப் படம் உயர்ந்தது என்ற வழக்குக்கு நம் தீர்ப்பைச் சொல்லாமல் முடித்தால் நேயர்கள் மன்னிக்கமாட்டார்கள். செவிக்குப் பாகவதர் படம். கண்ணுக்கும் டங்கன் எடுத்த காதற் காட்சிகள். ஆனால் பெற்றவர்கள் பார்ப்பதற்குச் சிவாஜி படந்தான் ஏற்றது. மகன் வாயைப் பார்த்தபடி ஒரு தகப்பனார் உட்கார்ந்திருக்கும் அந்தச் சபையில், நாம் கம்பருடைய ஆசனத்தில் இருக்கிறோமா, அரசனுடைய ஆசனத்தில் இருக்கிறோமா என்று ஒருமுறையாவது எண்ணிப் பார்க்க அது இடம் கொடுக்கிறது.

ஆகவே, விடுமுறை நாட்களில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து இரண்டு படங்களையும் பாருங்கள். முதற் படம் மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. நடுவே ஒரு வேளைப் பலகாரத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். படம் முடிந்ததும், வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீடானால், அவர்களிடம் நம் மாணவியின் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். அவர்கள் பதில் சொல்லிவிட்டு, உங்கள் பதில் என்ன என்று திருப்பிக் கேட்பார்கள். அப்போது பாட்டியார் கட்சியிலோ தகப்பனார் கட்சியிலோ போய் ஒளிந்துகொள்ளாமல், உள்ளதைச் சொல்லுங்கள். கொடுக்கச் சம்மதமானால் நிபந்தனை இன்றிக் கொடுங்கள். சம்மதமில்லையானால் அதையாவது நேரே சொல்லிவிடுங்கள். 'பேச்சுக்கு' ஒரு வாக்குக் கொடுத்து, அதை நம்பி ஒரு பிள்ளை இரவெல்லாம் விளக்கடியில் உட்கார்ந்து படிக்கும்படி மட்டும் செய்யாதீர்கள்.